ரிவர்ஸ் நானாவின் புதுக் கார்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான் படித்தேன். தையல் மெஷினில் நேராகப் போவேன், பேனா பிடித்தால் கோணிக்கொண்டு போகும். மறதியும் வந்துவிட்டது. முன்னே நடந்ததைப் பின்னே சொல்லியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் எழுத நினைப்பது மடவளையில் இருந்த ஒருவரைப் பற்றி. பெயர் போடவில்லை. போட்டால் அவருக்குப் பிடிக்காது. அவருடைய கடைப் பலகையில்கூட ‘ஏலம், கிராம்பு, மிளகு வாங்கப்படும்’ என்றுதான் இருந்தது, யார் வாங்குவார் என்று இல்லை. ஊரில் அவருக்கு ரிவர்ஸ் நானா என்று பட்டம். நானா என்றால் அவர்களில் அண்ணன், நான் நானா என்று மட்டும் கூப்பிட்டேன்.

நான் கட்டுகஸ்தோட்டையில் வாகன இருக்கைகளுக்குப் பஞ்சு வைத்து உறை தைக்கிறவள். குஷன் கடை என்பார்கள். வீட்டுக்காரர் தொடங்கிய கடை, அவர் போன பிறகு நானே நடத்துகிறேன். ஆட்களோடு பேசக் கூச்சம். வருகிறவர்கள் பேசுவார்கள், நான் தலையை ஆட்டுவேன், வேலை முடியும்.

நானா முதன்முதலில் வந்தது ஒரு மழை நாளில். கடை வாசலில் கரும்பச்சை நிறத்தில் ஒரு சின்னக் கார் வந்து நின்றது. இரண்டே கதவு, இரண்டே இருக்கை, கூரைக்குத் தகரம் இல்லாமல் துணி. பன்விலைப் பக்கம் தோட்டம் வைத்திருந்த ஒருவர் வெளிநாடு போகும்போது இவரிடம் விட்டுப்போன கார் அது. வேகத்துக்கென்றே செய்த ஜாதி. துணிக்கூரை கிழிந்து, உள்ளே இருந்தவர் தொப்பியிலிருந்து சாரம் வரை நனைந்திருந்தார். அப்படி ஒரு காரிலிருந்து சாரம் கட்டிய மெலிந்த மனிதர் இறங்கினதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

கையில் ஒரு திரீவீல் ஆட்டோவின் இருக்கை வேலை இருந்தது. அதை ஒதுக்கிவிட்டு இவருடையதை எடுக்கப் போனேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

“அவர்ட முதல்ல முடிங்கோ தங்கச்சி. அவருக்கு இன்டைக்கு ஓட்டம் ஈக்கி. நான் நனைஞ்சாச்சி, இனி என்ன அவசரம்?”

திரீவீல்காரருக்கும் அது வெட்கமாகிவிட்டது. அவர் இவரை முந்தச் சொல்ல, இவர் அவரை முந்தச் சொல்ல, கடைசியில் நானா கடை வாங்குப் பலகையில் உட்கார்ந்து, மடியிலிருந்து ஈர ஏலக்காய் இரண்டை எடுத்து எங்கள் இரண்டு பேருக்கும் கொடுத்தார். அன்றைக்கே அவருடைய குணம் முழுவதும் எனக்குத் தெரிந்துவிட்டது என்று சொல்லலாம். ஆனால் தெரியவில்லை. அது தெரிய அவருடைய இருக்கையைப் பார்க்க வேண்டி வந்தது.

ஓட்டுகிறவர் எப்படிப்பட்டவர் என்று எங்களுக்கு இருக்கை சொல்லிவிடும். ஏறி இறங்கித் திரிகிறவர்களுக்குக் கதவுப் பக்க ஓரம் தேயும். கோபக்காரர்களுக்கு ஸ்டியரிங் உறை தேயும். நானாவின் இருக்கையில் முதுகுப் பாகத்தின் இடது தோள் தேய்ந்து நூல் தெரிந்தது. பக்கத்து இருக்கையின் உச்சியில் ஒரு கை அளவுக்கு வியர்வைக் கறை. அந்த மாதிரித் தேய்மானத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. கேட்கவும் வாய் வரவில்லை. ஒவ்வொரு இரண்டு வருஷத்துக்கும் அதே இடத்தில் ஒட்டுப் போட்டுக்கொடுத்தேன்.

ஹுன்னஸ்கிரியவுக்கு மேலே தோட்டத்தில் இருந்த என் அக்காவுக்குச் சுகமில்லாமல் போன நாளில்தான் விடை கிடைத்தது. பஸ் இல்லை. நானா அந்தப் பக்கம் ஏலக்காய் பார்க்கப் போவதாகச் சொல்லி ஏற்றிக்கொண்டார். தெல்தெனிய தாண்டும்வரை கார் பறந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு முருகனைக் கூப்பிட்டேன். தோட்டத்துப் பாதையில் ஏறியதும் தேயிலைக் கொழுந்து ஏற்றிய லொறி ஒன்று எதிரே வந்தது. ஒரு வாகனம் போகிற அளவுக்குத்தான் பாதை. ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழி விடவேண்டும், மலையில் அதுதான் முறை. ஆனால் லொறிக்காரர் அசையவேயில்லை, காத்திருந்தார். நானா இடது கையை என் இருக்கையின் உச்சியில் போட்டார். இடது தோளை இருக்கையில் உரசித் திரும்பி, பின்னால் பார்த்தபடி அந்தக் காரை வளைவுக்கு வளைவு பின்னுக்குக் கொண்டுபோனார். ஓடை கீழே, மண்மேடு மேலே, நடுவில் ஊசியில் நூல் போகிற மாதிரிக் கார் போனது. ஒதுங்க இடம் வந்ததும் செருகி நிறுத்தினார். லொறிக்காரர் கை தூக்கிவிட்டுப் போனார். அன்றைக்கு நான்கு தரம் அப்படி. ஒரு தரம் மோட்டார் சைக்கிளுக்கு.

அன்றைக்குத்தான் வாய் திறந்து கேட்டேன், நாம்தானே ஏறுகிறோம், நீங்கள் எதற்குப் பின்னே எடுக்கிறீர்கள் என்று.

“லொறி பின்னுக்குப் போனா கொழுந்தெல்லாம் சரியும். என்ட கார்ல சரியிறதுக்கு என்ன ஈக்கி, நீங்க மட்டும்தான்,” என்றார். கொஞ்ச தூரம் போனதும் தானாகவே சொன்னார்: “கண்டியில வேகமா முன்னுக்குப் போறவங்க நெறைய பேர் தங்கச்சி. வேகமா பின்னுக்குப் போறவன் நான் ஒருத்தன்தான்.”

அதில் அவருக்குப் பெருமை. வழி விடுவதைப் பணிவு என்று நினைக்கிறோம், அவருக்கு அது வித்தை. கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் நிற்கிற இளவட்டங்கள், “நானா, ரேஸுக்கு வாறீங்களா?” என்று சீண்டுவார்கள். “வாறன். பின்னுக்கெண்டா வாறன்,” என்பார். ஒருவரும் வந்ததில்லை.

இந்தக் குணத்தால் வீட்டில் அவருக்கு நல்ல பெயர் இல்லை. ஒரே மகள், கண்டியில் வங்கியில் வேலை. அவளுடைய கலியாணத்தன்று மண்டபத்துக்கு அவளை இந்தக் காரில்தான் கூட்டிப்போனார். மடவளையின் குறுகிய ஒழுங்கைக்குள் குப்பை டிராக்டர் எதிரே வந்துவிட்டது. எல்லோரும் டிராக்டரைப் பின்னே எடுக்கச் சொன்னார்களாம். நானா கேட்கவில்லை. மணப்பெண்ணை வைத்துக்கொண்டு சந்திவரைக்கும் பின்னுக்கே போனார். டிராக்டர் கடந்துபோனபோது வாசம் மகளின் தலைச்சேலை வரைக்கும் வந்ததாம். மாப்பிள்ளை வீட்டார் காத்துக்கிடந்தார்கள். “குப்ப வண்டிக்கு வழி விட்டுட்டு என்னை லேட்டாக்கின வாப்பா” என்று அவள் என் கடையில் வைத்தே சொல்லிக்காட்டியிருக்கிறாள். நானா அப்போது காதில் விழாதவர் போல ரெக்சின் நிறம் பார்த்துக்கொண்டிருப்பார்.

இப்படியே இருபது வருஷம் போனது. வெளிநாட்டு வாகனம் இறக்கத் தடை இருந்த காலத்தில் எல்லோரும் பழையதையே ஒட்டிப் போட்டு ஓடினார்கள். எனக்கும் கை நிறைய வேலை. தடை எடுபட்ட கொஞ்ச நாளில் நானா கடைக்கு வந்தார். காரின் பின்விளக்கு உடைந்திருந்தது. அது என் வேலையில்லை, ஆனாலும் என்னிடம்தான் வந்தார்.

“பாதையோரத்துக் கட்டைக்கல்லுல பட்டுட்டுது,” என்றார். பிறகு மெல்ல, “கழுத்து திரும்புதில்ல தங்கச்சி.”

டாக்டர் கழுத்தெலும்பு தேய்ந்திருக்கிறது என்று சொன்னாராம். மகள் இரண்டில் ஒன்றைச் சொல்லிவிட்டாள். இதே காரின் புது மாடல் இப்போது இறங்கியிருக்கிறது, அதில் பின்னால் இருப்பதைப் படமாகக் காட்டுகிற திரை உண்டு, கழுத்தைத் திருப்பவே தேவையில்லை. பழையதைக் கொடுத்துவிட்டு அதை எடுக்கவேண்டும். இல்லாவிட்டால் சாவியை அவளிடம் கொடுத்துவிட வேண்டும். அவள் சொன்னதில் பிழை இல்லை. அடுத்த தரம் படுவது கட்டைக்கல்லாக இருக்காது என்று அவள் பயந்தாள்.

கொழும்பிலிருந்து புதுக் காரை ஒருநாள் ஓட்டிப்பார்க்கக் கொண்டுவந்தார்கள். இருக்கை எப்படி என்று பார்த்துச் சொல்ல என்னை வரச்சொன்னார் நானா. பெரிய ஆட்கள் பேசுகிற இடத்தில் எனக்கென்ன வேலை? ஆனாலும் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு போனேன்.

பொய் சொல்லக் கூடாது, நல்ல கார். சிவப்பு. உறையில் தையல் எறும்பு வரிசை போல ஒரே சீராக இருந்தது. கை வைத்துப் பார்த்துவிட்டு என்னால் இது முடியாது என்று மனதில் ஒத்துக்கொண்டேன். நானாவும் நானும் அதில் போனோம். மகளும் விற்பனைக்காரத் தம்பியும் பின்னால் அவளுடைய காரில் வந்தார்கள். ஹுன்னஸ்கிரிய ஏற்றத்தில் நானாவின் முகம் சின்னப்பிள்ளையின் முகமாக இருந்தது. எனக்குச் சந்தோஷம். எடுத்துவிடுவார் என்றே நினைத்தேன்.

தோட்டத்துப் பாதையில் கொழுந்து லொறி வந்தது. மகள் கீழே அகலமான இடத்திலேயே தன் காரை நிறுத்திவிட்டதால் பின்னால் பாதை வெறுமை. நானா பின் கியரைப் போட்டார். திரையில் பாதை தெளிவாகத் தெரிந்தது. ஒரு வண்டி தூரம் போயிருப்போம், கார் கீச்சுக் கீச்சென்று கத்திவிட்டுத் தானாகவே பிரேக் பிடித்து நின்றது. இரண்டு பேரும் குலுங்கிப்போனோம். பாதையோரத்து மானாப்புல் வளைந்து தொங்கிக்கொண்டிருந்தது. கார் அதைச் சுவர் என்று நினைத்துவிட்டது. மறுபடி எடுத்தார், மறுபடி நின்றது. நான்கு தரம். மலைப்பாதையில் புல் படாமல் எங்கே ஒதுங்குவது? நானா திரையை விட்டுவிட்டுத் திரும்பிப்பார்க்கப் பார்த்தார். கழுத்து வரவில்லை. தோளையாவது திருப்பலாம் என்றால் இருக்கை இரண்டு பக்கமும் உயர்ந்து அவரைப் பிடித்துவைத்திருந்தது. நெற்றியில் வியர்த்துவிட்டது.

லொறிக்காரர் தலையை வெளியே நீட்டினார். அந்தத் தோட்டத்துப் பிள்ளை, எனக்குத் தூரத்து உறவு.

“இருங்க நானா. இத்தன வருசமா நீங்கதானே எடுத்தீங்க. இன்னிக்கு நான் எடுக்கிறேன்.”

கொழுந்து மூட்டைகளோடு லொறி பின்னுக்கு ஏறிப்போனது. இரண்டு மூட்டை சரிந்து பாதையில் விழுந்தது. நானா இறங்கிப்போய் அவற்றைத் தூக்கிக்கொடுத்தார். திரும்பி வந்தபோது அவர் முகத்தைப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை.

மகளும் விற்பனைக்காரத் தம்பியும் ஓடி வந்தார்கள். அந்த பிரேக் விஷயத்தை நிறுத்திவைக்கலாம், அதற்குத் தனியாக ஒரு பொத்தான் இருக்கிறது என்று தம்பி காட்டினார். மகளும் அதையே சொன்னாள்.

“நிப்பாட்டினா எனக்குத் திரும்பக் கழுத்து வேணும்,” என்றார் நானா. “கழுத்து இல்லாததுக்குத்தானே, மகள், இந்தக் கார்?”

பிறகு என் பக்கம் திரும்பினார். இந்த இருக்கையின் இடது தோளைக் குறைத்துத் தைத்தால் உடம்போடு திரும்பலாமா, உங்களால் ஏலுமா என்று கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இருக்கையின் விலாவில் ஒரு சின்னத் துணிச் சீட்டு தைத்திருந்தது. எனக்கு இங்கிலீஷ் தெரியாது, ஆனாலும் அந்தச் சீட்டைத் தெரியும். அது இருந்தால் உள்ளே காற்றுப்பை இருக்கிறது, மோதினால் உப்பி வந்து ஆளைக் காப்பாற்றும். அந்தச் சீட்டுள்ள இருக்கையில் நான் கத்தரிக்கோல் வைத்ததே இல்லை. தெரியாமல் வெட்டித் தைத்துக்கொடுக்கிற கடைகளும் இருக்கின்றன.

“இதுல கை வைக்கக் கூடாதுங்க நானா,” என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். என்ன தைரியமோ, “பழைய கார்ல ஏலுங்க,” என்றும் சொல்லிவிட்டேன்.

தம்பி சிரித்தார். “அம்மா, பழைய காருக்குத் திரையும் இல்ல, ஒண்ணும் இல்ல. நீங்க பஞ்சு வச்சா கழுத்து திரும்புமா?”

கழுத்து திரும்பாது, இடுப்பு திரும்பும் என்று எனக்குத் தெரியும். சொல்ல வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டேன். நானா பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மகளிடம் ஒரு கிழமை, ஏழு நாள், தவணை கேட்டார். அவள் யோசித்துவிட்டுச் சொன்னாள், அடுத்த ஞாயிறு இதே பாதையில் தான் பக்கத்தில் உட்காருவாள், அவர் எங்கும் படாமல் பின்னுக்கு எடுக்கவேண்டும், கொஞ்சம் தடுமாறினாலும் அங்கேயே சாவியைத் தந்துவிட வேண்டும். நானா சரி என்றார். அவர் காரோட்டுவது என் ஊசியில் தொங்கியது.

ஆளைத் தொட்டு அளவெடுக்க எனக்குக் கூச்சம், அவருக்கும் கூச்சம். அதற்கு எங்களிடம் ஒரு வழி உண்டு. இருக்கையில் கறுப்புத் துணி விரித்து, துணியில் கோடு போடுகிற சோக்குத் தூளைத் தூவுவேன். உட்கார்ந்து திரும்பச் சொல்வேன். எழுந்த பிறகு எங்கே தூள் அழிந்திருக்கிறதோ அங்கே உடம்பு முட்டுகிறது, எங்கே அப்படியே இருக்கிறதோ அங்கே உடம்புக்குத் தாங்கல் இல்லை. அவர் இடது பக்கம் திரும்பும்போது வலது இடுப்பு அந்தரத்தில் நின்றது. அந்த இடத்தில் இரண்டு விரல் உயரத்துக்குத் தென்னந்தும்பு வைத்து இறுக்கினேன். இடது தோளைக் குடைந்து எடுத்தேன்.

புதன்கிழமை வந்து உட்கார்ந்தார். நன்றாகத் திரும்பினார். நான் பூரித்துப்போனேன். காரைக் கிளப்பிப் பின்னே எடுத்தார், குலுங்கி நின்றுவிட்டது. மறுபடியும் நின்றது. முகம் வாடிப்போனார். எனக்கு எங்கே பிழை என்று பிடிபடவில்லை. அவரை இறங்கச் சொல்லிவிட்டு நானே ஏறி ஓட்டுகிற இடத்தில் உட்கார்ந்தேன். இத்தனை வருஷத்தில் எத்தனையோ இருக்கை தைத்திருக்கிறேன், அந்த இடத்தில் உட்கார்ந்ததே இல்லை. காலை நீட்டிக் கிளச்சை மிதித்துப் பார்த்தேன். அப்போதுதான் விளங்கியது. கார் ஓட்டாதவள் செய்கிற பிழை. பின்னே எடுக்கும்போது இடது கால் கிளச்சில் இருக்கவேண்டும், நான் வைத்த தும்பு அந்தத் தொடையையும் சேர்த்துத் தூக்கிவிட்டிருந்தது. நான் வாங்கில் உட்கார்கிற ஆளுக்குத் தைத்திருக்கிறேன்.

“நீங்க ஓட்டிட்டுப் போயிடுவீங்களோண்டு பயந்துட்டன்,” என்றார் நானா. அன்றைக்கு இரண்டு பேரும் சிரித்தது அது ஒன்றுக்குத்தான். முழுவதையும் பிரித்து, இடது பக்கத்தைச் சரிவாக இறக்கி, சனிக்கிழமை பின்னேரம் தைத்து முடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காரில் எனக்கு இடமில்லை. பஸ் ஏறி முன்னாலேயே போய், கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குப் பக்கத்தில் வளைவில் நின்றேன். கார் என்னைக் கடந்து மேலே போய் மறைந்தது. மகள் கை காட்டினாள், நானா காட்டவில்லை. கொஞ்ச நேரத்தில் மேலே ஹாரன் சத்தம், பிறகு எஞ்சின் சத்தம் நின்று மாறியது.

வளைவில் முதலில் தெரிந்தது காரின் பின்பக்கம். பின்னுக்கு ஓட்டுகிற மனிதர் பின்னால் நிற்கிறவரைத்தானே பார்ப்பார்? துணிக்கூரை மடித்திருந்தது. அதனால் நானாவின் முகம் முழுவதும் எனக்குத் தெரிந்தது. இடுப்பிலிருந்து திரும்பி, தோள் நான் குடைந்த இடத்தில் இறங்கி, கழுத்து நேராக இருந்தது. கண் பாதையில். புல்லைத் தடவிக்கொண்டு வந்தார், மதகை விலக்கினார், ஒதுங்குகிற இடத்தையும் தாண்டி வந்தார். எதிரே இறங்கி வந்தது ஒரு திரீவீல். அதற்கு அவ்வளவு தூரம் வழி தேவையே இல்லை. அவருக்குத் தேவையாக இருந்தது.

மடுவத்துக்கு முன்னால் நிறுத்தினார். மகள் இறங்கி, காரைச் சுற்றி ஒரு தரம் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை.

“சாவி உங்கள்ட்டயே ஈக்கட்டும் வாப்பா,” என்றாள். “புதுசு வேணாமெண்டு நானே ஃபோன் பண்ணுறன்.”

பிறகு என்னிடம் வந்து, என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு நின்றாள். நானா திரீவீல்காரரிடம் என்னைக் காட்டி உரத்துச் சொன்னார்: “இந்த சீட் இவங்க தச்சது. கட்டுகஸ்தோட்டையில கடை. நல்லாப் பாத்துக்கோங்கோ.” எனக்கு எங்கே போய் ஒளிவதென்று தெரியவில்லை. ஆனால் ஒளியவில்லை. நிமிர்ந்துதான் நின்றேன்.

அதற்குப் பிறகு எட்டு மாதம் அந்தக் காரை அவர் ஓட்டினார். எங்கும் படவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை தொழுதுவிட்டு வந்து படுத்தவர் எழுந்திருக்கவில்லை. ஜனாஸா அடக்கத்துக்கு வந்த வாகனங்களால் மடவளைப் பாதை அடைபட்டதாகக் கேள்வி. நான் வீட்டுக்குப் போய்ப் பெண்களோடு உட்கார்ந்துவிட்டு வந்தேன்.

எழுதியதை அவருடைய மகள் ஒரு தரம் வாசித்துப் பார்க்கட்டும். கட்டைக்கல்லில் பட்டது எந்த மாதம், மதகு ஒன்றா இரண்டா, எனக்கு நிச்சயமில்லை. அன்றைக்கு அவர் பின்னுக்கு எடுத்த தூரம் அவளுக்குத்தான் சரியாகத் தெரியும், பக்கத்தில் இருந்தவள். நான் இரண்டு வளைவு என்று நினைவு வைத்திருக்கிறேன். கூட்டிச் சொல்லியிருந்தால் பரவாயில்லை, விட்டுவிடட்டும். குறைத்துச் சொல்லியிருந்தால் மட்டும் கட்டாயம் திருத்தட்டும்.